பாதியின் கடைசி கேசட்

வந்தவர் உட்காரப் போன நாற்காலிதான் அந்த வீட்டிலேயே உட்காரக் கூடாத நாற்காலி.

"அதுல வேணாங்க," என்று மைத்துனர் பாய்ந்து வந்து தடுத்தார். "அதுக்குப் பின்னங்கால் ஒண்ணு பேருக்குத்தான் ஒட்டிக்கிட்டு நிக்குது. இதுல உக்காருங்க."

அந்தப் பெண்மணி நகர்ந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மிஞ்சியது ஒன்று. அதில் ஏற்கெனவே வீட்டுக்காரர் அமர்ந்திருந்தார். மைத்துனர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அதே நாற்காலியின் ஓரத்தில் தானும் ஒட்டிக்கொண்டார். பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர்களைப் போல இருவரும் இடித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் தராசு என்றால்தான் தெரியும். தையல் மெஷினோ, வைரத்தோடோ, தீப்பிடித்து எரிந்த கிடங்கோ, எதுவானாலும் அசலா போலியா, என்ன பெறும் என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். விற்கிறவர், வாங்குகிறவர் இருவரையும் ஒரே அளவுக்கு ஏமாற்றமடையச் செய்கிற நேர்மை அவருடையது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் அவரும் சுவர்க் கடிகாரமும்தான். அதிலும் கடிகாரம்தான் அதிகம் பேசியது. மனைவியின் தம்பியான மைத்துனர், ஃப்ரிட்ஜும் டிவியும் விற்கிற கடையில் சேல்ஸ்மேன். லீவு நாளெல்லாம் இங்கே வந்துவிடுவார். "அத்தானுக்குத் துணை" என்பார். அவருக்கும் வேறு போக்கிடம் கிடையாது என்பதைத் தராசு எப்போதோ எடைபோட்டு வைத்திருந்தார். சொன்னதில்லை.

"நான் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன்," என்றார் வந்தவர். பிறகு தன்னை மீறி, "உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. திருகு தளர்ந்திருக்கும்," என்றார்.

"கொஞ்ச நாளா உலகமே அந்தப் பக்கம் சாஞ்சுதான் தெரியுது. பழகிடுச்சு. நீங்க விஷயத்தச் சொல்லுங்க."

வந்தவர் கைப்பையைத் திறந்து ஒரு பழைய ஒலிநாடா கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். லேபிள் இல்லை, பெயர் இல்லை.

"இது என் அண்ணன் போட்ட இசையா, இல்ல வேற யாராவது போட்டதா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நிலைத்த பெயர் பாதி. படிப்பு பாதி. கல்யாணம் பாதி. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட்கூட ஜன்னல் உயரம் வரைதான் நீலம். அதற்கு மேல் பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலை.

"அவர் தொட்ட லிஃப்டெல்லாம் பாதியில நிக்குமோ?" என்றார் மைத்துனர்.

"அது மட்டும் நின்னதே இல்ல," என்றார் தங்கை. சிரிக்கவில்லை. மைத்துனர் நாற்காலி ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

அண்ணனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு காலத்தில் வீடுகளுக்கென்று விற்றது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும், திரைக்கு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஏற்றுவதும் சேமிப்பதும் கேசட்டில். அதில் இசை அமைப்பதுதான் அவருக்கு உயிர். ஒரே நேரத்தில் மூன்று சுரம் ஒலிக்கும். மூன்று குரல் என்பார். அதற்கு மேல் அந்த மெஷினால் முடியாது.

"சாகறதுக்கு முந்தின வாரம் அண்ணன் ஃபோன் பண்ணுச்சு. 'முடிச்சுட்டேன்'னு ஒரே ஒரு வார்த்தை. நான் சிரிச்சுக்கிட்டே 'எதை?'ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. வெச்சுடுச்சு." அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் பரண்ல கெடந்த மெஷினச் சரிபண்ணி அந்தக் கடைசி கேசட்ட ஏத்திப் பாத்தோம். திரையில பக்கத்துல பக்கத்துல மூணு பத்தி வரும், ஒரு குரலுக்கு ஒண்ணு. ரெண்டு பத்தி நெறைய எழுதியிருக்கு. மூணாவது பத்தி ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் வெறும் காலி. பாட்டு டீச்சர் ஒருத்தங்க பாத்த உடனே சொல்லிட்டாங்க, இது அரைகுறைன்னு. சாகும்போதும் பாதிதானான்னு ஆயிடுச்சு."

அந்த இசையைத் தூசி தட்டி எழுப்பியது மூன்று பேருடைய உதவியால். மெஷினைச் சரிசெய்தவர் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர். இசையைப் படித்துச் சொன்னவர் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். மூன்றாமவர் அண்ணி. அண்ணனை விட்டுப் பிரிந்து பல வருஷமானவர், பழைய விஷயம் தெரிந்தவர் என்று தங்கையே தேடிப்போய் அழைத்து வந்தார். ரேடியோக்காரர் தங்கைக்கும் டீச்சருக்கும் அண்ணிக்கும் புதுக் கேசட்டில் ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். வரும் சனிக்கிழமை நூலகத்துக் கூடத்தில், பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் முன்னால் அதைப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

"போன ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போனாங்க. மறுநாள் அண்ணனோட கேசட் டப்பாவுல அடியில விரிச்சிருந்த பேப்பரத் தூக்கினேன். இது இருந்துச்சு. அதே இசை. ஆனா மூணாவது பத்தியும் நெறஞ்சு இருக்கு, முழுசா."

"அந்தப் பேப்பரை அதுக்கு முன்னாடி தூக்கிப் பாத்தீங்களா?" என்றார் தராசு.

"இல்ல. அதனாலதான் ஒரு நப்பாசை. அண்ணனே வெச்சதா இருக்கலாம் இல்லியா?"

தராசு கேசட்டைக் கையில் எடுக்கவில்லை. மைத்துனர் எடுத்தார், முகர்ந்தார், விரலால் தேய்த்தார்.

"டப்பாவுல மத்த கேசட்டெல்லாம் எப்படிம்மா இருக்கும்?"

"துருப்பொடி ஒட்டியிருக்கும். அந்தத் தகர டப்பா அப்படி."

"இதுல துளி துரு இல்ல அத்தான். இது அந்த டப்பாவுல வருஷக்கணக்கா இருந்த சரக்கு இல்ல. இப்பத்தான் வந்து ஒளிஞ்சிருக்கு."

"நல்லாச் சொன்னே மாப்ளே."

மைத்துனரின் முகம் ஷோரூம் பல்பு போல எரிந்தது. தங்கையின் முகம் அணைந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "அண்ணன் போட்டது யார்கிட்டயாவது இருந்து, அவங்க இப்ப திருப்பி வெச்சிருக்கலாம் இல்ல?"

"வெச்சிருக்கலாம்," என்றார் தராசு. "அதான் கேசட்டப் பாத்தா மட்டும் போதாது. இசையக் கேக்கணும்."

*

அண்ணனுடைய மாடி அறையில் ரேடியோக்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பழைய டிவி. அதன் முன்னால் பழுப்பேறிய கீபோர்டு. பக்கத்தில் கேசட் பிளேயரும் துருப்பிடித்த தகர டப்பாவும்.

"எனக்குச் சங்கீதம் தெரியாது சார்," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "வீட்டுல ஃபேன் ஓடற சத்தம்தான் எனக்குக் கச்சேரி. ஆனா மெஷினப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க."

"எதெல்லாம் மாத்தினீங்க?"

ரேடியோக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பூரான் மாதிரிக் கால்களோடு ஒரு கறுப்புச் சிப்பு. "சத்தம் போடற சிப்பு. ரெண்டு குரல் நல்லா இருந்துச்சு. மூணாவது செத்துப் போச்சு. வேற மெஷின்லேருந்து ஒண்ணு எடுத்துப் போட்டேன். இத்தன நாள் பரண்ல கெடந்தது இல்லியா, ஈரத்துல போயிருக்கும்."

"இருக்கும்," என்றார் தராசு. ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. அவர் டப்பாவிலிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகுப் பக்கமாகக் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். துணிக்கடையில் கரை தடவிப் பார்ப்பது போலிருந்தது. சிலவற்றில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. சிலவற்றில், ஓரத்திலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காது உடைக்கப்பட்டு, அந்தப் பொந்தில் விரல் தடுக்கியது.

"கடைசி கேசட்டோட அசல் எது?"

தங்கை எடுத்துக் கொடுத்தார். தராசின் விரல் அதன் முதுகில் ஓடி, ஓரிடத்தில் நின்றது. அவர் அதை ரேடியோக்காரரிடம் நீட்டினார்.

கேசட் கீச்சிட்டு ஏறுவதற்குள் ஒருவர் முகம் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். பிறகு திரையில் மூன்று பத்திகள். முதல் இரண்டில் மேலிருந்து கீழாக எழுத்தும் எண்ணும். இடையிடையே மௌனம் வருமிடத்தில் இரண்டு சின்னக் கோடுகள். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

இசை தொடங்கியது.

முதல் குரல் தனியாக நடந்தது, பூட்டிய கடைகள் நிறைந்த தெருவில் ஒருவர் நடப்பதைப் போல. இரண்டாவது குரல் விசித்திரமாயிருந்தது. ஒரு சுரத்தில் நிற்காமல் இரண்டு சுரங்களுக்கு நடுவே மின்னல் வேகத்தில் மாறி மாறித் தாவியது. கேட்கும்போது இரண்டும் ஒன்றாக நடுங்குவதுபோல் தெரிந்தது. ஆரம்பம் முதல் கடைசி வரை அந்த நடுக்கம் நிற்கவில்லை.

ரேடியோக்காரர் கேசட்டை மாற்றினார்.

அடுத்து, பெயரில்லாத கேசட். அதே முதல் குரல், அதே நடுங்குகிற இரண்டாவது. அவற்றின் மேல் மூன்றாவதாக ஒன்று, நிதானமாக, இதமாக, முதல் குரலின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தது. தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழகா இருக்கு," என்றார் மைத்துனர் மெதுவாக.

"ஆமா," என்றார் தராசு. "மூணாவது பத்தியில கோடு இல்ல, பாரு."

மைத்துனர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். மற்ற இரண்டு பத்திகளிலும் மௌனத்துக்குக் கோடுகள். மூன்றாவதில் அதே மௌனத்துக்கு இரண்டு பூஜ்யங்கள்.

"ரெண்டும் மெஷினுக்கு ஒண்ணுதான் சார்," என்றார் ரேடியோக்காரர். "கோடு போட்டாலும் சும்மா இருக்கும், பூஜ்யம் போட்டாலும் சும்மா இருக்கும்."

"இந்தப் பழைய கேசட்டெல்லாம் ஏத்திப் பாத்தாச்சா?"

"எங்க சார், இந்த ஒண்ணுக்கே நேரம் பத்தல."

"ஒண்ணு ஏத்துங்க. இருக்கறதுலயே பழசு."

அது ஏறியபோது திரையில் மூன்று பத்திகளும் நிறைந்திருந்தன. இரண்டில் கோடு. மூன்றாவதில் பூஜ்யம். இசை துள்ளலாக இருந்தது. எந்தக் குரலிலும் நடுக்கம் இல்லை. ஒவ்வொன்றும் தன் சுரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

*

பாட்டு டீச்சரைப் பள்ளிக்கூட வராந்தாவில் பிடித்தார்கள். அந்த மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று தான் இன்னும் நம்புவதாகச் சொன்னார். தானும் ஒரு மூன்றாவது குரலைக் காகிதத்தில் எழுதிவைத்திருப்பதை மறைக்கவில்லை, பாடியே காட்டினார். அது கேசட்டில் இருந்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் சுறுசுறுப்பாயிருந்தது.

"அந்தக் கேசட்டுல இருக்கறத நான் எழுதியிருந்தா, கீழ என் பேரப் போட்டிருப்பேன் சார்," என்றார். "பெரிய எழுத்துல."

"இத நான் நம்பறேன் அத்தான்," என்றார் மைத்துனர் வெளியே வந்ததும்.

அண்ணி ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி. வந்தவர்களைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். நாற்காலிக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு டிவி.

"டிவியில என்னம்மா பாப்பீங்க?" என்று கேட்டார் மைத்துனர், தொழில் பழக்கத்தில்.

"பெரிசா ஒண்ணும் பாக்கறதில்ல."

அண்ணனோடு வாழ்ந்த காலத்தைப் பற்றித் தராசு கேட்டார். "நாள் பூரா அந்த மெஷின் முன்னாடிதான் கெடப்போம், ரெண்டு பேரும்," என்றார் அண்ணி. பிறகு, "எதுக்குப் பிரிஞ்சீங்கன்னு கேக்க மாட்டீங்களா? எல்லாரும் அதத்தான் முதல்ல கேப்பாங்க," என்றார்.

"அது என் தொழில்ல வராதும்மா."

அவர் முதல்முறையாக லேசாகச் சிரித்தார். வாசல்வரை வந்து, அடக்க முடியாதவர்போல ஒன்று கேட்டார். "அந்தப் புதுக் கேசட்ட சனிக்கிழம போடுவாங்களா?"

"போடணும்னு நினைக்கறீங்களா?"

"முழுசா இருக்கறத விட்டுட்டு யாராவது பாதியப் போடுவாங்களா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

படியிறங்கும்போது மைத்துனர் பொருமினார். "டிவிய அவ்வளவு பக்கத்துல வெச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்? நான் வித்திருந்தா சுவரோரமாத் தள்ளி வெக்கச் சொல்லியிருப்பேன். அதவிடக் கூத்து, அதுக்குக் கேபிள் ஒயரே இல்ல அத்தான். ஒரு ஆன்டெனாகூட இல்ல. எதத்தான் பாப்பாங்க அதுல?"

தராசு நின்று மைத்துனரைப் பார்த்தார். "மாப்ளே, நீ மட்டும் ஃப்ரிட்ஜ் விக்கப் போகாம இருந்திருந்தா என் பொழப்பு போயிருக்கும்."

"என்னத்தான் சொல்லிட்டேன் நான்?"

"வா, நாளைக்கு எல்லாரையும் உக்கார வெச்சுச் சொல்றேன்."

*

மறுநாள் மாலை மாடி அறையில் ஐந்தாறு பேர் உட்காருவதற்குள் அறை மூச்சுமுட்டியது. தங்கை மெஷினுக்குப் பக்கத்தில். டீச்சர் ஜன்னலோரம். ரேடியோக்காரர் கேசட் பிளேயருக்குக் காவல். அண்ணி கதவுக்குப் பக்கத்தில், எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல. ஜன்னல் உயரம்வரை நீலமாகவும் அதற்கு மேல் மஞ்சளாகவும் இருந்த சுவரில் தராசு சாய்ந்து நின்றார்.

"இவங்க எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க," என்று தங்கையைக் காட்டினார். "இந்தப் பேரில்லாத கேசட்டு அண்ணன் போட்டதான்னு. பதிலச் சொல்லிடறேன். மூணாவது குரல் அவர் போட்டது இல்ல."

தங்கை தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படி அத்தான் சொல்றீங்க?" என்றார் மைத்துனர். அவருக்கும் காரணம் தெரியாது.

"முந்தாநாள் நம்ம வீட்டுக்கு இவங்க வந்தப்ப நீ எங்க உக்காந்தே?"

"உங்க நாற்காலியிலயே, ஓரமா."

"ஏன்?"

"மூணாவதுக்குத்தான் கால்…" மைத்துனர் நிறுத்திக்கொண்டார்.

"மூணு நாற்காலி இருக்கற வீட்டுல ரெண்டு பேர் ஒண்ணுல நெருக்கிக்கிட்டு உக்காந்தா, என்ன அர்த்தம்? மூணாவதுல உக்கார முடியாதுன்னு அர்த்தம். கடைசி கேசட்டுல ரெண்டாவது குரல் என்ன பண்ணுச்சு? ஓயாம ரெண்டு சுரத்துக்கு நடுவுல மாறி மாறித் தாவுச்சு. ஒரு குரல வெச்சு ரெண்டு குரலோட வேலைய வாங்கியிருக்கார். பழைய கேசட்டுல அந்த நெருக்கடி இல்ல. மூணும் தாராளமா உக்காந்திருக்கு. அப்ப என்ன? நடுவுல எப்பவோ இந்த மெஷின்ல மூணாவது குரல் செத்துப் போச்சு. பரண்ல கெடந்து இல்ல. அவர் உயிரோட இருக்கும்போதே."

ரேடியோக்காரர் தீப்பெட்டியைத் திறந்து சிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். "ஆமா சார். அந்தச் சிப்பு அப்பவே கடையில கெடையாது. செத்தா செத்ததுதான்."

"சரியா? இப்ப இந்தப் பேரில்லாத கேசட்ட எடுங்க. இதுல மூணாவது குரலும் பாடுது. ஆனா ரெண்டாவது இன்னும் தாவிக்கிட்டேதான் இருக்கு. மூணாவது நாற்காலிக்குக் கால் வந்தாச்சு, அதுல ஆள் வந்து உக்காந்தாச்சு. அப்புறமும் அந்த ரெண்டு பேர் ஏன் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க? அவரே மூணாவதை எழுதியிருந்தா முதல் வேலையா அந்த நெருக்கத்தப் பிரிச்சு விட்டிருப்பார். இது, அந்த நெருக்கம் எதுக்குன்னு தெரியாத ஒருத்தர், மேல கொண்டுவந்து சேர்த்தது."

டீச்சர் தன்னையறியாமல் தலையாட்டினார். "அங்க சுரம் கொஞ்சம் கூடிப்போகுதேன்னு எனக்கும் பட்டுச்சு. பழைய மெஷின், அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"அப்ப சேர்த்தவர் யாரு?" என்றார் மைத்துனர்.

 வியாபாரத்தில் விலை சொல்லும் முன்பு விடுகிற இடைவெளியைத் தராசு இங்கேயும் விட்டார்.

"மௌனத்துக்கு அண்ணன் கோடு போடுவார். பழைய கேசட்டுல முதல் ரெண்டு பத்தியில கோடு, மூணாவது பத்தியில மட்டும் பூஜ்யம். ஒரே ஆள் ஒரே பாட்டுல ரெண்டு விதமா போட மாட்டார். மூணாவது பத்திய எப்பவும் வேற ஒரு கைதான் தட்டியிருக்கு. பேரில்லாத கேசட்டுலயும் அதே பூஜ்யம். அந்தப் பழைய கேசட்ட ரேடியோக்காரரும் ஏத்தல, டீச்சரும் பாத்தது இல்ல. அதப் பாத்து அவங்க பூஜ்யம் போட்டிருக்க முடியாது. கேபிள் ஒயர் இல்லாத டிவி, கை எட்டற தூரத்துல நாற்காலி. அதுல படம் பாக்க மாட்டாங்க. கீபோர்டத்தான் மாட்டுவாங்க."

யாரும் அண்ணியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலிருக்க எல்லாரும் பட்ட பாடே போதுமானதாயிருந்தது.

"அவர்கிட்டேருந்து வந்தப்புறம் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வாங்கினேன்," என்றார் அண்ணி. குரல் வக்கீலுக்குக் கடிதம் படித்துக் காட்டுவதுபோல் சீராயிருந்தது. "மனுஷன விட்டு வந்துட்டேன். மெஷின விட முடியல. தனியா உக்காந்து ஏதாவது போட்டுக்கிட்டிருப்பேன். அந்தக் காலத்துல அவர் ரெண்டு பத்தி எழுதிட்டு எழுந்து போயிடுவார். 'உன் நாற்காலி காலியா இருக்கு, வந்து உக்காரு'ம்பார். மூணாவது என்னுது. நான் போனப்புறமும் அவர் மூணாவத காலியாவே விட்டிருக்கார்னு இவ வந்து சொன்னா. எனக்காகத்தான் விட்டு வெச்சிருக்கார்னு நெனச்சேன். எழுதிக் கொடுத்தா முடிஞ்சிடும், அவருக்கும் அந்தப் 'பாதி'ங்கற பேர் போயிடும்னு. எம்பேர் தெரிய வேண்டாம்னு, அன்னைக்கு இங்க வந்தப்ப டப்பாவுல பேப்பருக்கு அடியில வெச்சேன். யாரையும் ஏமாத்த இல்ல."

"தெரியும்மா," என்றார் தராசு. "ஏமாத்தறவங்க காதையும் உடைச்சிருப்பாங்க."

"என்ன காது?" என்றார் தங்கை.

தராசு தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார். "கேசட்டோட முதுகுல ஒரு சின்னக் காது இருக்கும். அத உடைச்சுட்டா அதுக்கப்புறம் அதுல எதையும் பதிய முடியாது, இருக்கறது அழியாது. உங்க அண்ணன் சிலதுல உடைச்சிருக்கார், சிலதுல உடைக்கல. ரேடியோக்காரரே, காது உடைக்காத ஒண்ண ஏத்துங்க."

ஏற்றினார். இசை முடியாமல் நடுவிலேயே நின்றது. இன்னொன்று, அதுவும் பாதியில் நின்றது. காது உடைத்தது ஒன்றை ஏற்றினார்கள். கடைசிவரை ஓடி முடிந்தது.

"முடிச்சப்புறம்தான் உடைப்பார்," என்றார் அண்ணி. "கூட இருந்தப்ப பாத்திருக்கேன். என் கேசட்டுலயும் உடைச்சிடலாம்னு எடுத்தேன். அது அவர் வேலை. கை வரல."

தராசு அண்ணனுடைய கடைசி கேசட்டின் அசலை எடுத்து, முதுகு தெரியும்படி தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். அவர் கட்டைவிரல் தானாக ஓடியது. பொந்தில் தடுக்கி நின்றது.

"நீங்க எல்லாரும் நகல வெச்சுக்கிட்டுத்தான் பேசினீங்க. நகல் புதுக் கேசட்டு, அதுல காது அப்படியேதான் இருக்கும். ரேடியோக்காரர் அசலத் தொட்டார். ஆனா அவர் கடைக்கு வர்ற சினிமாப் பாட்டுக் கேசட்டெல்லாம் காது இல்லாமத்தான் வரும். வித்தியாசமாப் படல."

"ஒரு துண்டு டேப்ப ஒட்டினா மறுபடியும் பதியலாமே சார்," என்றார் ரேடியோக்காரர்.

"பதியலாம். அண்ணன் ஒட்டல." தராசு தங்கையைப் பார்த்துச் சொன்னார். "செத்துப்போன குரலுக்குச் சுரம் எழுதி என்ன ஆகப்போகுது? இருந்த ரெண்டுலயே மூணத் திணிச்சு எழுதினார். கடைசி வரைக்கும் எழுதினார். காதை உடைச்சார். அப்புறம் உங்களுக்கு ஃபோன் பண்ணினார். உங்க அண்ணன் சொன்னது நிஜம்மா."

 தங்கையின் முகத்தில் எழுந்த வெளிச்சம் கதவுப்பக்கம் திரும்பியதும் தயங்கியது. அண்ணி எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப காலியா விட்டது எனக்காக இல்ல," என்றார்.

தராசு சாய்ந்த கண்ணாடியைக் கழற்றினார். பொய்யை அசலென்று சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த அறையில் அன்றைக்கு எல்லாருமே வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மைத்துனர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் செத்தது முதல்லயா, நீங்க போனது முதல்லயான்னு எனக்குத் தெரியாதும்மா. அந்த நாற்காலியப் பாக்கும்போதெல்லாம் உங்கள நெனச்சிருக்கலாம். அத எடைபோட என்கிட்ட கல்லு இல்ல. ஆனா வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருந்தா, காதை உடைச்சிருக்க மாட்டார்."

அண்ணி வெகுநேரம் அந்தப் பாதி நீலச் சுவரைப் பார்த்தார். "போடுங்க," என்றார். "அவரோடத. ஒருதரம் சரியாக் கேக்கறேன்."

ரேடியோக்காரர் அசலை ஏற்றினார். அதே இசைதான். ஒரு சுரம்கூட மாறவில்லை. பூட்டிய கடைத்தெருவில் அதே ஆள் நடந்தார். பக்கத்தில் அதே நடுக்கம். ஆனால் இன்று யாரும் வராத மூன்றாவதுக்காகக் காத்திருந்து கேட்கவில்லை. நடக்கிறவர் தெருக்கோடி வந்ததும் நின்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தத் தெருவில் ஒன்றும் பாக்கி இல்லை.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சனிக்கிழம இதுதான்," என்றார் தங்கை. "'பாதி'ன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அண்ணன் பேரப் போட்டு, முழு இசைன்னு போடுங்க." பிறகு தராசின் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, பையிலிருந்து ஒரு ஊசித் திருப்புளியை எடுத்துத் திருகை முடுக்கினார். அவருக்குத் தெரிந்த நன்றி அது.

அண்ணி கை நீட்டினார். "அந்தத் திருப்புளியக் கொஞ்சம் குடு."

மேஜைமேல் கிடந்த பெயரில்லாத கேசட்டை எடுத்து, முதுகைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முனையைக் காதின் இடுக்கில் வைத்து நெம்பினார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு நகத்துண்டு அளவுப் பிளாஸ்டிக் எகிறித் தரையில் விழுந்தது.

"முடிச்சுட்டேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

தங்கை இந்த முறை சிரிக்கவில்லை. எதை என்று கேட்கவுமில்லை.

"கேட்டேன் அண்ணி," என்றார். "நல்லா இருந்துச்சு."